பட்டப்பகலில் டிராகுலா

கேள்வி இது: “தொலைக்காட்சி வந்த புதிதில் அமெரிக்காவில் மதிய வேளையில் தினமும் ஒரு புது நாடகத்தை நேரலையாக நடித்துக் காட்டினார்கள் என்று படித்தேன். நேற்றைய கதைக்கும் இன்றைய கதைக்கும் சம்பந்தம் கிடையாதாம். இது உண்மையா? எப்படிச் சமாளித்தார்கள்? ஏன் நின்றுபோனது? இன்று பார்க்கக் கிடைக்குமா?”

உண்மைதான். நிகழ்ச்சியின் பெயர் ‘மேட்டினி தியேட்டர்’. நடத்தியது என்பிசி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம். 1955 அக்டோபர் 31, திங்கட்கிழமை தொடங்கி 1958 ஜூன் 27, வெள்ளிக்கிழமை முடிந்தது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், நாளுக்கு ஒரு கதை. நடிகர்கள் வேறு, இயக்குநர் வேறு, கதை நடக்கும் காலமும் ஊரும் வேறு. மொத்தம் ஏறக்குறைய 650 நாடகங்கள். நம்மூரில் ஒரு நாடகக் குழு ஒரே நாடகத்தை நூறு முறை மேடையேற்றினால் விழா எடுப்போம். இவர்கள் அறுநூற்றுச் சொச்சம் நாடகங்களையும் பெரும்பாலும் ஒரே ஒரு முறை நடித்துவிட்டு, மறுநாள் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

எப்படி என்பதற்கு முன்னால் ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாடகக் கலை வளரட்டும் என்ற நல்லெண்ணம் மட்டும் இதற்குக் காரணமில்லை. கலர் டிவி விற்க வேண்டியிருந்தது.

அமெரிக்க அரசு கலர் ஒளிபரப்புக்கான முறையை 1953 டிசம்பரில் அங்கீகரித்தது. மறு ஆண்டே ஆர்சிஏ நிறுவனம் தன் முதல் கலர் பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்தது. விலை 1,000 டாலர். அன்று ஒரு நடுத்தர அமெரிக்கக் குடும்பத்தின் ஆண்டு வருமானமே சுமார் 4,200 டாலர்தான். வருமானத்தில் கால்வாசியைக் கொட்டி வாங்குகிறவன் ஒரு முறையாவது கண்ணால் பார்க்காமல் வாங்குவானா? கடைக்கு ஆள் வருவது பகலில். கலர் நிகழ்ச்சிகள் வருவதோ பெரும்பாலும் இரவில், அதுவும் அத்திபூத்தாற்போல. மதியம் மூன்று மணிக்கு வந்து நிற்கும் வாடிக்கையாளருக்கு அந்த ஆயிரம் டாலர் பெட்டியிலும் கறுப்பு வெள்ளையைத்தான் காட்ட முடிந்தது. பெட்டியைச் செய்யும் ஆர்சிஏதான் என்பிசிக்கும் உரிமையாளர். அடுப்பும் அவர்களுடையது, அரிசியும் அவர்களுடையது. ஆகவே பகல் வேளையில் தினமும் ஒரு மணி நேரம் கலரில் ஏதாவது ஓட வேண்டும் என்று முடிவானது. அன்று என்பிசியின் தலைவராக இருந்தவர் பேட் வீவர். ‘டுடே’, ‘டுநைட்’ ஆகிய இரண்டு நிகழ்ச்சிகளையும் தொடங்கிவைத்தவர் இவர்தான். (நடிகை சிகர்னி வீவரின் தந்தை என்றால் சிலருக்குச் சட்டென்று பிடிபடும்.) கடைக்காரனுக்கு ஒரு காட்சிப்பொருள், வீட்டுப் பெண்களுக்கு ஒரு நல்ல நாடகம் என்று ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கப் பார்த்தார் அவர்.

பகலில் நாடகம் என்பது அப்போது புதிதும் அல்ல. தொலைக்காட்சியின் முதல் நாடகமே பகலில் வந்ததுதான். 1928 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனக்டடி நகரில் ‘தி க்வீன்ஸ் மெசஞ்சர்’ என்ற சிறு நாடகத்தை மதியம் ஒன்றரைக்கு ஒரு முறையும் நள்ளிரவுக்குச் சற்று முன்பு இன்னொரு முறையும் ஒளிபரப்பினார்கள். பாத்திரங்கள் இரண்டு, நடித்தவர்கள் நான்கு பேர். அன்றைய கேமராவில் ஒரு தலை மட்டும்தான் அடங்கும். எனவே முகத்துக்கு இருவர், கைகளுக்கு இருவர். கோப்பையைத் தூக்கும் கை ஒருவருடையது, குடிக்கும் வாய் வேறொருவருடையது. திரையின் அகலம் சுமார் மூன்று அங்குலம். லண்டனில் பிபிசி 1930 ஜூலையில் போட்ட முதல் நாடகமும் பிற்பகலில் போனதுதான். இவையெல்லாம் சோதனைகள், பார்த்தவர்களை எண்ணிவிடலாம். தினசரித் தொழிலாக இதை நடத்தியது மேட்டினி தியேட்டர்.

இனி எப்படி என்பதற்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளும்.

தயாரிப்பாளர் ஆல்பர்ட் மெக்ளீரி. நாடக மேடையிலிருந்து வந்தவர். நான்கு புறமும் பார்வையாளர்கள் சூழ, நடுவில் நடிக்கும் வட்டரங்க நாடகத்தில் பழக்கம் உள்ளவர். அதிலிருந்து அவர் தொலைக்காட்சிக்கு எடுத்து வந்த பாடம், சுவர் தேவையில்லை என்பது. 1950இல் ‘கேமியோ தியேட்டர்’ என்ற நிகழ்ச்சியில் இதைச் செய்து பார்த்தார். பின்னால் கறுப்புத் திரை. முன்னால் ஒரு நாற்காலி, ஒரு மேசை, வேண்டுமானால் ஒரு சன்னல் சட்டம். மற்றதெல்லாம் முகம். வீட்டுத் திரை சின்னது. அதில் மாளிகையைக் காட்டினால் பொம்மை வீடு போலத் தெரியும், முகத்தைக் காட்டினால் முகமாகவே தெரியும் என்பது அவர் கணக்கு.

இந்தச் சிக்கனம் மட்டும் இல்லையென்றால் மேட்டினி தியேட்டர் ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்காது என்பது என் எண்ணம். வழக்கமான முறையில் ஒரு நாடகத்துக்கு நாலைந்து அறைகள் கட்ட வேண்டும். முடிந்ததும் பிரிக்க வேண்டும். மறுநாளுக்கு வேறு நாலைந்து. தச்சர்களுக்கு இரவு பகல் போதாது. கறுப்புத் திரையில் அந்தத் தொல்லை இல்லை. இன்னொரு வசதியும் கிடைத்தது. சுவர் இல்லாததால் கேமரா எங்கே வேண்டுமானாலும் புகுந்து நிற்கலாம், பேசுகிறவரின் முதுகுப் பக்கத்திலிருந்தும் கேட்கிறவர் முகத்தைப் பிடிக்கலாம். எல்லா நாடகங்களையும் அவர் இப்படி மொட்டையாகப் போட்டுவிடவில்லை. ஆனாலும் நிகழ்ச்சியின் முதுகெலும்பு இந்த முறைதான்.

வாரத்துக்கு ஐந்து நாடகம் என்றால் எந்த நாளிலும் பல நாடகங்கள் ஒரே சமயத்தில் பல கட்டங்களில் இருக்கும். ஒன்றின் நடிகர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வசனம் வாசித்துக்கொண்டிருப்பார்கள். இன்னொன்று வெறும் கூடத்தில் ஒத்திகையில் இருக்கும்; தரையில் ஒட்டுப் பட்டையால் கோடு போட்டு, இது கதவு, இது மாடிப்படி என்று பாவனை செய்துகொண்டு நடப்பார்கள். மூன்றாவது, ஸ்டூடியோவில் கேமராவோடு கடைசி ஒத்திகை. வால்டர் கிரௌமன், லமாண்ட் ஜான்சன், போரிஸ் சாகல், ஆர்தர் ஹில்லர் என்று ஒரு இயக்குநர் பட்டாளமே முறை வைத்து வேலை பார்த்தது. பின்னாளில் ஹாலிவுட் படங்களிலும் தொடர்களிலும் பெயர் வாங்கியவர்கள் இவர்கள். கை பழகியது இந்த மதிய வேளையில்.

ஸ்டூடியோ கலிஃபோர்னியாவின் பர்பேங்கில் இருந்தது. கலர் ஒளிபரப்புக்கென்றே என்பிசி கட்டி 1955 மார்ச்சில் திறந்த வளாகம். ‘கலர் சிட்டி’ என்று பெயர். நியூயார்க் வீடுகளில் மணி மதியம் மூன்று என்றால் பர்பேங்கில் உச்சி வேளை பன்னிரண்டு. தொகுப்பாளர் ஜான் கான்டி வந்து நின்று கதையை அறிமுகப்படுத்துவார். அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கு யாரும் ‘நிறுத்து, மறுபடியும் எடுக்கலாம்’ என்று சொல்ல முடியாது.

கேமராவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆர்சிஏ டிகே-41 என்ற அந்தக் கலர் கேமராவின் தலைப்பகுதி மட்டுமே நூறு கிலோவுக்கு மேல். உள்ளே மூன்று படக்குழாய்கள். சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. மூன்றுக்கும் பிரித்துக் கொடுத்தது போக மிஞ்சும் வெளிச்சம் போதாது என்பதால் கறுப்பு வெள்ளைக்கு வேண்டியதைப் போலப் பல மடங்கு விளக்கு எரிய வேண்டும். அந்தச் சூட்டில் கம்பளிக் கோட்டும் ஒட்டுமீசையுமாக நின்று, வெளியே பனி கொட்டுகிறது என்று நடித்தாக வேண்டும். ஜூம் லென்ஸ் கிடையாது. முகப்பில் ஒரு சக்கரத்தில் நான்கு லென்ஸ்கள் இருக்கும்; அண்மைக் காட்சி வேண்டுமானால் சக்கரத்தைத் திருப்பி வேறு லென்ஸைக் கொண்டுவர வேண்டும். திருப்பும் நேரத்தில் அந்தக் கேமராவின் படம் வெளியே போகக் கூடாது. எனவே இயக்குநர் இரண்டாவது கேமராவுக்குத் தாவியிருக்கும் இரண்டு மூன்று நொடிக்குள் முதல் கேமராக்காரர் லென்ஸை மாற்றி, ஃபோகஸைச் சரிசெய்து காத்திருக்க வேண்டும். இப்படி ஒரு மணி நேரத்தில் எத்தனை மாற்றங்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் முன்கூட்டியே எண் போட்டுத் தாளில் எழுதி வைத்தது. கேமராக்காரரின் கண் திரையில் இருந்தால், காது கட்டுப்பாட்டு அறையில் இருந்தது.

நடிகர்களின் பாடும் அப்படித்தான். ஒரு காட்சியில் இளைஞர், அடுத்த காட்சியில் பத்து வருடம் கழித்து அதே ஆள் என்றால் நடுவில் இருப்பது ஒரு விளம்பர இடைவேளை மட்டுமே. நேரலை நாடகங்களில் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு உடை அணிந்துகொண்டு வந்து, மேலே இருப்பதைக் கழற்றி எறிந்துவிட்டு அடுத்த காட்சிக்கு ஓடுவது சாதாரணம். ஓடும்போது குனிந்து ஓட வேண்டும், கேபிள் தடுக்கக் கூடாது, மூச்சு வாங்குவது மைக்கில் விழக் கூடாது.

கல்லூரி நாள்களில் நாங்கள் போட்ட நாடகங்களுக்குப் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுத்தவன் நான். மேடையில் ஒருவர் வசனத்தை விட்டுவிட்டால் என் வயிறுதான் கலங்கும். கொஞ்சம் உரக்கச் சொன்னால் முதல் வரிசைக்குக் கேட்டுவிடும், மெல்லச் சொன்னால் நடிகருக்கே கேட்காது. பிபிசியின் நேரலை நாடகங்களில் இதற்கு ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள் என்று படித்தபோது பொறாமையாகத்தான் இருந்தது. வசனம் எடுத்துக்கொடுப்பவர் கையில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் வெளியே போகும் ஒலி முழுவதும் ஒரு கணம் அறுந்துவிடும். அதற்குள் வரியைச் சொல்லிவிட்டுப் பொத்தானை விடுவார். வீட்டில் பார்ப்பவர் தன் பெட்டியில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்வார். அமெரிக்காவில் வேறு வழி கண்டுபிடித்தார்கள். வசனம் எழுதிய காகிதச் சுருளை நடிகர் கண்ணுக்கு நேரே மெல்ல உருட்டிக் காட்டும் டெலிபிராம்ப்டர் 1950 டிசம்பரில் முதன்முதலாக நிகழ்ச்சியில் பயன்பட்டது. அதுவும் என்பிசியின் போட்டி நிறுவனமான சிபிஎஸ்ஸின் ஒரு பகல் நேரத் தொடரில்தான்.

நேரலையில் எவ்வளவு மோசமாகப் போகலாம் என்பதற்கு உச்சமான உதாரணம் பகல் நாடகத்தில் நடக்கவில்லை. இங்கிலாந்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவில் நடந்தது. கேள்விக்கு வெளியே என்றாலும் விட்டுவிட மனமில்லை. 1958 நவம்பர் 30, ‘ஆர்ம்சேர் தியேட்டர்’ வரிசையில் ‘அண்டர்கிரவுண்ட்’ என்ற நாடகம். அணுகுண்டு விழுந்தபின் லண்டன் சுரங்க ரயில் பாதையில் சிக்கிக்கொண்டவர்களின் கதை. அதில் நடித்துக்கொண்டிருந்த கேரத் ஜோன்ஸ் என்ற இளம் நடிகர் இரண்டு காட்சிகளுக்கு நடுவே மாரடைப்பில் விழுந்து இறந்துவிட்டார். நாடகம் நிற்கவில்லை. இயக்குநர் டெட் காட்செஃப் விளம்பர இடைவேளையில் மற்றவர்களிடம் அவருடைய வசனங்களைப் பிரித்துக் கொடுத்து, கதையைத் திருத்தி, கடைசிவரை ஓட்டி முடித்தார். இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை. அந்தத் தொழிலில் மணி எவ்வளவு பெரிய எசமான் என்று காட்டத்தான்.

சரி, பகலுக்குத் திரும்புவோம். ஆண்டுக்கு 260 கதைகளுக்கு எங்கே போவது? மேடை நாடகம், பத்திரிகைச் சிறுகதை, புதிதாக எழுதி வாங்கியது என்று கிடைத்ததையெல்லாம் எடுத்தார்கள். காப்புரிமை தீர்ந்த பழைய நாவல்கள் பெரிய கைகொடுப்பு. 1955இல் ரிச்சர்ட் பூன் நடிக்க ‘வுதரிங் ஹைட்ஸ்’ வந்தது. இரண்டு தலைமுறைக் கதையை, விளம்பரம் போக மிஞ்சிய நேரத்தில். 1956 நவம்பர் 23 அன்று டிராகுலாவே வந்துவிட்டார். நடித்தவர் ஜான் கேரடைன். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு யுனிவர்சல் படங்களில் அதே வேடம் போட்டவர். நன்றி தெரிவிக்கும் நாளுக்கு மறுநாள் அது. மீந்துபோன வான்கோழிக் கறியைச் சுடவைக்கும் நேரத்தில், சூரியனைக் கண்டால் ஆகாத பிரபு பட்டப்பகலில் வீட்டுக் கூடத்துக்கு வந்து நின்றார். அதுவும் உச்சி வெயிலில் இருந்த பர்பேங்கிலிருந்து. மூன்று மாதம் தாண்டுவதற்குள், 1957 பிப்ரவரி 5 அன்று ‘ஃபிராங்கன்ஸ்டைன்’. அரக்கனாக வந்தவர் பிரிமோ கார்னெரா, முன்னாள் உலகக் குத்துச்சண்டை சாம்பியன். அந்த உருவத்துக்கு ஒப்பனையே மிகை.

எல்லாம் நன்றாக இருந்தன என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தினம் ஒன்று சமைக்கிற இடத்தில் சில நாள் உப்பு கூடும், சில நாள் அடி பிடிக்கும். ஆனால் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுகளில், 1955ஆம் ஆண்டுக்கு, பகல் நிகழ்ச்சிகளுக்குச் சிறந்த பங்களிப்பு என்ற விருது இதற்குத்தான் போனது.

பிறகு ஏன் நின்றது? காசு. பகல் விளம்பரத்துக்கு இரவு விளம்பரத்தைப் போல விலை கிடையாது. செலவோ தினமும் புதுக் கதை, புது நடிகர்கள், புது உடை, அத்தோடு கலர். போட்டிக்கு இருந்தவை தொடர்கள். சோப்புக் கம்பெனிகள் பணம் போட்டு நடத்தியதால் சோப் ஓபரா என்று பெயர் வாங்கியவை. அங்கே அதே வரவேற்பறை, அதே சமையலறை, அதே பத்து முகங்கள். 1956 ஏப்ரல் 2 அன்று சிபிஎஸ் ஒரே நாளில் இரண்டு அரை மணி நேரத் தொடர்களைத் தொடங்கியது. அதுவரை பகல் தொடர்கள் கால் மணி நேரம்தான். அவற்றில் ஒன்றான ‘அஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்’ 2010 வரை ஓடியது. ஐம்பத்து நான்கு வருடம்!

பணத்தைவிட ஆழமான காரணம் ஒன்றும் இருந்ததாக எனக்குத் தோன்றுகிறது. தினம் ஒரு தனிக்கதை என்றால் தினமும் பார்வையாளரைப் புதிதாக வசப்படுத்த வேண்டும். யார் யாருக்கு என்ன உறவு, யாருக்கு என்ன குறை என்று முதல் பத்து நிமிடம் கூர்ந்து பார்த்தால்தான் பிடிபடும். மதியம் மூன்று மணிக்கு வீட்டில் இருப்பவர் கையில் இஸ்திரிப் பெட்டி இருக்கும், அடுப்பில் ஏதாவது இருக்கும், குழந்தை பள்ளியிலிருந்து வரும் நேரம். தொடரில் முதல் பத்து நிமிடம் தவறினாலும் ஒன்றும் குடிமுழுகாது. அந்த மாமியாரை நேற்றே தெரியும். மேட்டினி தியேட்டர் முகத்தை நம்பிய கலை. முகத்தைப் பார்க்க வேண்டுமானால் உட்கார வேண்டும். உட்கார நேரமில்லாத வேளையில் அதைக் கொண்டுபோய் வைத்தார்கள். நம் வீடுகளில் அடுக்களையிலிருந்தபடியே காதால் சீரியல் பார்த்த பாட்டிகளுக்கு இது விளக்காமலே புரியும்.

இதற்கிடையில் வீவர் 1956இல் என்பிசியை விட்டுப் போய்விட்டார். இரவு நேரத்திலும் நேரலை நாடகங்களுக்குக் காலம் முடிந்துகொண்டிருந்தது. ‘கிராஃப்ட் டெலிவிஷன் தியேட்டர்’, ‘ஸ்டூடியோ ஒன்’ இரண்டும் அதே 1958இல்தான் மூடின. பிலிமில் எடுத்த கௌபாய் தொடரை மறுபடியும் போடலாம், வெளியூருக்கு விற்கலாம். நேரலை நாடகம் காற்றோடு போனது போனதுதான். ஜூன் 27, வெள்ளிக்கிழமை மேட்டினி தியேட்டர் கடைசியாக வந்தது. ஜூன் 30, திங்கட்கிழமை அதே மூன்று மணிக்கு ‘டுடே இஸ் அவர்ஸ்’, மூன்றரைக்கு ‘ஃப்ரம் தீஸ் ரூட்ஸ்’. இரண்டுமே தொடர்கள்.

கடைசிக் கேள்வி, பார்க்கக் கிடைக்குமா? மிகச் சொற்பமாக. அக்காலத்தில் நேரலையைப் பதிவு செய்ய இருந்த வழி கினஸ்கோப். ஒரு திரையில் ஓடும் படத்தை எதிரே பிலிம் கேமராவை வைத்துப் பிடிப்பது. கிடைப்பது மங்கலான கறுப்பு வெள்ளை நகல். வீடியோ டேப்பை ஒளிபரப்பில் முதன்முதலாகப் பயன்படுத்தியது 1956 நவம்பர் 30, சிபிஎஸ் செய்தியில். கேரடைனின் டிராகுலா வந்துபோய் சரியாக ஒரு வாரம்! அந்த டேப்பும் கறுப்பு வெள்ளைதான். இன்று எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழைய கலர் வீடியோ டேப் 1958 மே 22ஐச் சேர்ந்தது. வாஷிங்டனில் என்பிசியின் புதுக் கட்டடத்தைத் திறந்த விழா. பேசுகிறவர் அதிபர் ஐசன்ஹோவர். அப்போது மேட்டினி தியேட்டருக்கு ஆயுள் ஐந்து வாரம்தான் பாக்கி. கலரைக் காட்டுவதற்கென்றே பிறந்த நிகழ்ச்சியின் கலரை இன்று ஊகித்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்த முறை எப்படி இருந்தது என்று கண்ணால் பார்க்க ஆசையென்றால், இரவு நேர நாடகங்களில் பிழைத்தவற்றைத் தேடுங்கள். ‘ஸ்டூடியோ ஒன்’ 1954 செப்டம்பர் 20 அன்று நேரலையில் போட்ட ‘ட்வெல்வ் ஆங்ரி மென்’ நாடகத்தின் முழு கினஸ்கோப்பும் 2003இல் கண்டெடுக்கப்பட்டது. பன்னிரண்டு பேர், ஒரே அறை, ஒரு மணி நேரம். முதல் முறை கதைக்காகப் பாருங்கள். இரண்டாவது முறை, ஒவ்வொரு முறை படம் மாறும்போதும் முந்தைய கேமரா எங்கே நின்றிருக்க வேண்டும், அது ஏன் உங்கள் கண்ணில் படவில்லை என்று மட்டும் பாருங்கள்.